எழுதியதும் சுட்டதும் குத்தியதும்: பச்சை குத்துதலின் தோற்றம் பற்றிய கருத்துகள் – ஒரு மறுபார்வை

பச்சை குத்துதலின் தோற்றம் குறித்துத் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கின்றன. ஆல்ப்சு மலைப் பனியில் 1991-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுப் பழமையுடைய ‘ஓட்சி’ மனிதனின் உடலிலிருந்து அவை தொடங்கும். அடுத்து எகிப்தியப் பதப்பிணங்களைத் தொட்டு, தாகித்தித் தீவின் ‘தாதாவ்’ என்னும் சொல் 1769-இல் குக்கின் கப்பலோடு ஐரோப்பாவுக்குச் சென்ற கதையைச் சொல்லும். அங்கிருந்து ஒரே தாவலில் சங்க இலக்கியத்துத் தொய்யிலுக்கு வந்து, ‘பச்சை குத்துதல் தமிழரிடம் ஈராயிரம் ஆண்டுகளாக நிலவி வரும் கலை’ என்று முடியும். இம்முடிவுக்குச் சான்று உண்டா, தொய்யிலும் பச்சையும் ஒன்றுதானா, ஒன்றில்லையெனில் பச்சையின் வரலாற்றுக்கு எங்கே சான்று தேடுவது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஆய்வுக்களம் நவி மும்பையின் நெருள் பகுதி. தமிழகத்து வழக்கொன்றை ஆராய மராட்டிய மண்ணுக்கு வருவானேன் என்னும் வினாவுக்கான விடை கட்டுரையின் பிற்பகுதியில் அமையும்.

முதலில் ஒரு பொதுச் செய்தி. தொல்பழங்காலச் சான்றுகளை ஆராய்வோர் இப்போது உருவத்தைவிடச் செய்முறையையே முதன்மையாகக் கொள்கின்றனர். ஓட்சியின் உடலில் 61 குறிகள் கணக்கிடப்பட்டுள்ளன. தோலைக் கீறிக் கரியைத் தேய்த்து அவை இடப்பட்டன என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. ஆய்வாளர் ஒருவர் தம் உடலிலேயே பல முறைகளில் குறியிட்டுப் பார்த்து, 2024-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவை கூர்முனைக் கருவியால் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டவை எனக் கொள்வதே பொருத்தம் எனக் காட்டிற்று. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேலாக இருந்த கெபெலைன் பதப்பிணங்களிலும் 2018-இல்தான் அகச்சிவப்பு ஒளியின் துணையால் காட்டெருதும் காட்டாடும் குத்தப்பட்டிருந்தமை தெரிய வந்தது. அதுவரை வெறும் கறை எனக் கருதப்பட்டவை அவை. உடலில் இருப்பதைக் குறியென்று காண்பதற்கே கருவியும் முறையும் வேண்டியிருக்கின்றன என்பது இங்கு நோக்கத்தக்கது. தமிழாய்வில் இம்முறை இன்னும் வேரூன்றவில்லை. வண்ணம் தீட்டுதல், சூடு இடுதல், ஊசியால் குத்துதல் என்னும் மூன்றையும் ‘உடலில் குறியிடல்’ என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுவதே வழக்கமாக உள்ளது.

தொய்யில் – எழுதப்பட்டது

தொய்யில் என்பது மகளிரின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றால் எழுதப்பெறும் கோலம் என்பதே உரைமரபு. இதனைப் பச்சை எனக் கொள்வோர், மதுரைக்காஞ்சி முதலிய இடங்களில் ‘பொறித்தல்’ என்னும் வினை தொய்யிலோடு சேர்ந்து வருவதைச் சான்றாகக் காட்டலாம். பொறித்தல் என்னும் சொல் கல்லில் வெட்டுதல் முதல் முத்திரையிடுதல் வரை பரந்த பொருளுடையது. அச்சொல் ஒன்றை மட்டும் கொண்டு ஊசியை ஊகித்தல் இயலாது. சொல்லைக் காட்டிலும் சூழலே இங்குத் துணிவு தரும்.

கலித்தொகையின் 111-ஆம் பாடலில் தலைவன் தலைவியிடம் சில சிறு பணிகளைச் செய்து தர விழைகிறான். சிற்றில் கட்டித் தரவா, கோதை தொடுத்துத் தரவா, தொய்யில் எழுதவா என்று வரிசையாகக் கேட்கிறான். மணலில் கட்டிய வீடு மாலைக்குள் சிதையும்; கோதை மறுநாள் வாடும். இவ்வரிசையில் மூன்றாவதாகத் தொய்யில் வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் விளையாட்டின் பகுதிகள், மூன்றும் நிலையில்லாதவை. தோலில் ஊசியிட்டுக் குருதி கசிய, வீங்கிப் பொருக்குத் தட்டி ஆறும் ஒரு செயலை இவ்விளையாட்டுகளோடு சேர்த்துக் கேட்டிருப்பான் எனக் கொள்ள இடமில்லை.

இதனினும் வலுவான சான்று குறுந்தொகையின் 276-ஆம் பாடலில் உள்ளது. தலைவிக்குப் பாவை செய்து தந்ததும், அவள் மார்பில் தொய்யில் எழுதியதும் ஆகிய தன் உறவின் அடையாளங்களை அவளைக் காப்போர் அறியவில்லை எனத் தலைவன் முறையிடுகிறான். அரசனின் அவையில் இதனை எடுத்துரைத்தால் என்ன ஆகும் என அச்சுறுத்துகிறான். பாடலின் நயம் முழுவதும் இந்த அறியாமையைச் சார்ந்தே நிற்கிறது. தொய்யில் அழியாத பச்சையாக இருந்திருப்பின் செவிலியும் தாயும் அதனைக் காணாதிருக்க வழியில்லை. அழிந்துபோன சான்றை வைத்துக்கொண்டு வழக்காட நினைப்பவனின் இரங்கத்தக்க நிலையே பாடலின் சுவை. தொய்யிலைப் பச்சையாக்கினால் வரலாறு பிழைபடுவதோடு கவிதையும் கெடுகிறது. பண்பாட்டுப் பழமையை நிறுவும் ஆர்வம் இலக்கியத்தை இவ்வாறு பலிகொள்வதை நம்மவர் பெரிதாகக் கருதுவதில்லை.

இதனால் சங்க காலத்தில் பச்சை குத்தும் வழக்கமே இல்லை என முடிவு செய்தல் கூடாது. தொய்யில் அதற்குச் சான்றாகாது என்பதே பெறப்படுவது. தமிழில் ‘பச்சை’, தெலுங்கில் ‘பச்சபொட்டு’, கன்னடத்தில் ‘ஹச்செ’ என ஒரே அடியிலிருந்து பிறந்த சொற்கள் இவ்வழக்கைக் குறிக்கின்றன. இவ்வொற்றுமை, இவ்வழக்குக் குடியேற்றக் காலத்துக்கு முன்பே தென்னகத்தில் பரவியிருந்தது எனக் கருத இடமளிக்கிறது. அதன் வேர் செவ்விலக்கியத்துக்குள் இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

பொறி – சுடப்பட்டது

சூட்டுக்குறி வேறொரு மரபு. வைணவத்தில் சங்கு சக்கரப் பொறிகளைக் காய்ச்சித் தோளில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டிலேயே இடம்பெறுகிறது. சிவன் கோயில்களுக்குரிய தேவரடியார்க்குச் சூலக்குறி இடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்துத் திருக்காளத்திக் கல்வெட்டொன்று, கோயிலுக்குரிய பெண்கள்மேல் அரண்மனை இலச்சினை இடப்பட்டுவிட்டமையையும் பின்னர் அது மாற்றப்பட்டுச் சூலக்குறி இடப்பட்டமையையும் கூறுகிறது. இங்குக் குறி உடைமையைச் சுட்டுகிறது. அப்பெண்களின் உடல் யாருக்குரியது என்பதே வழக்கு. அவர்தம் விருப்பம் கல்லில் பேசப்படவில்லை. தொய்யில் காதலன் எழுதுவது. பொறி தலைவனோ இறைவனோ இடுவது. பச்சையோ பெரும்பாலும் ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்குக் குத்துவது. கருவி யார் கையில் இருக்கிறது என்னும் இவ்வேறுபாட்டைக் கருதாமல் மூன்றையும் ஒரே வரலாற்றின் படிநிலைகளாக அடுக்குவது பொருந்தாது.

பச்சை – குத்தப்பட்டது

செய்முறையை விரிவாக எழுதி வைத்தவர் எட்கர் தர்சுடன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய அவர், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும், அதற்கு முன் 1906-இல் வந்த இனவரைவியல் குறிப்புகளிலும் பச்சை பற்றிய செய்திகள் உள்ளன. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்தரைத்து மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவர். அதனை ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றிப் புதுச்சட்டியால் மூடி, சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். அதுவே மை. ஊசிகளைச் சேர்த்துக் கட்டி அதில் தோய்த்துக் குத்துவர். கோலங்கள், தேள், மீன், பறவை, மலர் என உருவங்கள் அமையும். குத்துவோர் குறவர் குலப் பெண்கள்; அறுவடை முடிந்த பருவத்தில் ஊர் ஊராகச் சென்று சில மாதங்கழித்துத் திரும்புவர்; சிற்றூர்களில் காசுக்குப் பதிலாகத் தானியமும் கூலியாகும்.

இம்மையில் சேரும் அகத்தியே பச்சை நிறத்துக்குக் காரணம் என்று சிலர் எழுதுகின்றனர். எரித்தபின் எஞ்சுவது கரி ஒன்றே. கீரையின் நிறம் அதில் இல்லை. தோலின் உள்ளடுக்கில் தங்கிய கரி, மேல்தோலின் ஊடாக ஒளி சிதறுவதால் நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தோன்றுகிறது. கரிய மையால் இட்ட குறிக்குப் ‘பச்சை’ எனப் பெயரிட்ட மக்கள், மையைப் பார்க்கவில்லை. ஆறிய தோலைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றனர். பெயர் பயன்படுத்தியவரின் கண்ணிலிருந்து பிறந்திருப்பது சுவையான செய்தி.

தர்சுடனின் குறிப்புகள் இன்றும் பயன்படுபவை. ஆயினும் அவற்றின் குறையையும் கூறுதல் வேண்டும். மையின் செய்முறைக்கு அவர் காட்டிய கவனத்தில் ஒரு சிறு பங்கும் மை குத்தியவளுக்குக் கிடைக்கவில்லை. இக்கோலத்தை யாரிடம் கற்றாள், எதை முதலில் குத்தினாள், வலியில் அழும் சிறுமியை எப்படித் தேற்றினாள், குத்தும்போது என்ன பாடினாள் என்பனவெல்லாம் பதிவாகவில்லை. மண்டையையும் மூக்கையும் அளந்து குலங்களை வகைப்படுத்திய ஆய்வுமுறையில் பச்சையும் மற்றோர் உடற்கூறாகவே பதிவானது. பின்வந்த தமிழ்க் கட்டுரைகள் பல அவரை மேற்கோள் காட்டி நின்றுவிட்டன. அதைவிடக் கேடு, ‘குறவர்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் சங்க காலக் குறிஞ்சி மக்களையும், குறவஞ்சிச் சிங்கியையும், வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரிய மொழி பேசும் நரிக்குறவரையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவது. நரிக்குறவர் மொழியாலும் வழக்கத்தாலும் வேறுபட்ட மக்கள். பச்சை குத்தும் குறவர் தமிழும் தெலுங்கும் சார்ந்த பேச்சுடையோர்.

அரசு இக்கலையை எவ்வாறு நடத்தியது என்பது தனியே ஆராயத்தக்கது. ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் முறையை வங்காளத்தில் ஆங்கிலக் கும்பினி 1797-இல் சட்டமாக்கியது. பின்னர்ச் சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது. ‘கோத்னா’ எனப்பட்ட இத்தண்டனை 1849-இல் நீக்கப்பட்டது. கிளேர் ஆண்டர்சன் 2004-இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. பெண்கள் அணியாகக் கொண்ட ஒன்றைக் கும்பினி இழிவின் முத்திரையாக்கிற்று. அடுத்த கட்டத்தில் குறி குத்தியவரே குறிவைக்கப்பட்டனர். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தபோது குறவர் அதன் வலைக்குள் வந்தனர். பதிவும் கைரேகையும் காவல்நிலையத்தில் தலைகாட்டலும் கட்டாயமாயின. ஊர் ஊராகச் செல்வதே தொழிலாகக் கொண்ட பெண்ணுக்கு ஊரைவிட்டுச் செல்வதே குற்றம் என்னும் நிலை. 1952-இல் அச்சட்டம் நீங்கியது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் இக்கலைக்கு நேர்ந்தது என்ன என்பதை ஆராயாமல், பச்சை ‘நாகரிக வளர்ச்சியால்’ மறைந்தது என்று எழுதிச் செல்வது பொறுப்பான ஆய்வாகாது.

விடுதலைக்குப் பின் பச்சை ஆண்களின் கைக்கும் அரசியலுக்கும் வந்தது. 1972-இல் தோன்றிய அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என எம்.ஜி.ஆர். கூறியதும், கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் அறிந்தவையே. கட்சி மாறுதலுக்கு அழியாத மையால் தடை போடும் முயற்சி அது. அதனை நகைப்புக்குரியதாகக் கடந்து செல்வோர் உண்டு. பொறி மரபின் உடைமைக் குறியோடு அதனை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு என்பது என் கருத்து.

நெருளின் கைகள்

தாராவியில் தமிழர் குடியேற்றம், குறிப்பாகத் திருநெல்வேலிப் பகுதியினரின் குடியேற்றம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. தோல் பதனிடும் தொழில் அவர்களுள் பலரை ஈர்த்தது. மாட்டுங்காவில் படித்த நடுத்தர வகுப்பினர் நிலைகொண்டனர். 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவ்வாழ்வின் விளைவு. செம்பூர் அடுத்த கட்டம். 1970-இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் கழிமுகத்துக்கு அப்பால் நவி மும்பையை உருவாக்க, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரயில் பாதையும் வந்து சேர, இம்மூன்று இடங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் நெருளுக்குப் பெயர்ந்தன. மகனின் அடுக்ககத்துக்கு உடன்வந்த மூதாட்டியரே நம் ஆய்வுக்கு உரியவர்.

இவர்களின் கைகள் தமிழகத்துக் கிராமத்தில் கிடைக்காத ஒரு வசதியைத் தருகின்றன. பச்சை எந்த ஆண்டில் குத்தப்பட்டது என்பதை ஊரிலேயே வாழ்ந்த பெண்ணிடம் வரையறுப்பது கடினம். பம்பாய்க்கு வந்த பெண்ணோ ‘ரயிலேறும் முன்’, ‘வந்த பின்’ என்னும் தெளிந்த எல்லைக்கோட்டை உடையவள். எந்த ஊர், எந்த வயது, யார் வந்து குத்தினார், பெற்ற கூலி நெல்லா காசா என்பதெல்லாம் அக்கோட்டுக்கு இப்பாலோ அப்பாலோ துலங்கும். குடிபெயர்ந்த உடல் ஒருவகையில் நாளிட்ட ஆவணம். அக்காள் ஊரில் பிறந்து கையில் பச்சையோடு வந்திருக்க, தாராவியில் பிறந்த தங்கையின் கை வெறுமையாக இருப்பின், இடமாற்றத்தோடு வழக்கம் அறுந்த காலத்தை ஏறத்தாழக் கணக்கிடவும் முடியும். கல்வெட்டாய்வில் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போன்றதே இது. இத்தகைய வாய்ப்பு வேறு எவ்விடத்தும் இத்துணை எளிதாக அமையாது.

ஒப்பீட்டுக்கும் நெருள் ஏற்ற இடம். சிட்கோ கட்டடங்களுக்கு முன்பே இங்கிருந்த நெருள், கரவே முதலிய ஊர்கள் ஆக்ரி, கோளி மக்களுடையவை. அவ்வூர் மூதாட்டியரிடம் ‘கோந்தண்’ எனப்படும் பச்சையைக் காணலாம். அவர்களுக்கு நெற்றியும் முகவாயும் முதன்மையான இடங்கள்; சிறு புள்ளிகளும் துளசி மாடமும் விருப்பமான உருவங்கள். தமிழ்ப் பெண்களுக்கோ முன்கையே முதன்மை. புள்ளியிட்டு இழையிழுத்த கோலமே சிறப்பு. வாசலில் நாள்தோறும் இட்டு நாள்தோறும் அழியும் கோலம், கையில் ஒருமுறை இடப்பட்டு அழியாமல் நிற்கிறது. ஆயினும் இறந்தபின் பொன்னும் பட்டும் கழற்றப்படும், உடன்வருவது இது ஒன்றே என்னும் நம்பிக்கை இரு மொழிப் பெண்களிடமும் ஒன்றாக வழங்குகிறது. நகையில்லாத வீட்டுப் பெண்ணின் நகை என்னும் விளக்கத்தைவிட இது ஆழமானது. யாராலும் பறிக்கவோ அடகு வைக்கவோ இயலாத ஒரே உடைமை தன் தோலில் இருப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பெயர்கள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கணவன் பெயரை வாயால் சொல்லாத வழக்கமுடைய பெண், கேட்டவரிடம் கையை நீட்டிக் காட்டுவாள். தன் பெயரையே குத்திக்கொண்டோரும் உடன்பிறந்தான் பெயரைக் குத்திக்கொண்டோரும் உளர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் உடலில் எழுத்து இருக்கிறது. அவளால் அதனைப் படிக்க இயலாது. எனினும் அது என்ன சொல்கிறது என அவள் அறிவாள். எழுத்தறிவு வரலாற்றை எழுதுவோர் ஓலையையும் கல்லையும் அச்சையும் கண்டனர். இக்கைகளை இன்னும் கண்டிலர். எழுத்துப்பிழையோடு குத்தப்பட்ட பெயர்கள், கிறித்தவராயினோர் கையிலுள்ள சிலுவைகள், பிற்காலத்துப் பச்சையை மறைக்க முழுக்கை இரவிக்கை அணியத் தொடங்கிய தலைமுறை ஆகியவை தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

நெருளின் இளையோர் இன்று ‘டாட்டூ’ போட்டுக்கொள்கின்றனர். 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி காப்புரிமை பெற்ற மின்கருவியின் வழிவந்த பொறி அது. பாட்டியின் பச்சையைப் பட்டிக்காட்டு அடையாளமாகக் கருதி நாணியது ஒரு தலைமுறை. மாவோரி வடிவத்தைத் தோளில் ஏற்றுவது அடுத்த தலைமுறை. இதனைப் பச்சையின் ‘மறுமலர்ச்சி’ என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குத்துபவர், கூலி, உருவம், நம்பிக்கை அனைத்தும் மாறிவிட்டன. ஊசி ஒன்றே பொது.

மும்பையில் 1988-இல் சி. எஸ். லட்சுமி (அம்பை) உள்ளிட்டோர் தொடங்கிய ‘ஸ்பேரோ’ ஆவணக்காப்பகம், பெண்களின் குரலையும் படத்தையும் வரலாற்றுச் சான்றாகப் பேணலாம் என்பதைச் செய்து காட்டியது. பச்சைக்கும் அம்முறை பொருந்தும். இசைவு பெற்றுக் கையின் நிழற்படம், அளவுகோலுடன். குத்திய ஊர், வயது, குத்தியவர் பேசிய மொழி, வலித்ததற்கு அவள் சொன்ன ஆறுதல் ஆகியவை அவளுடைய சொற்களிலேயே ஒலிப்பதிவாக. முகத்தையும் பெயரையும் வெளியிடத் தேவையில்லை. ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும் முன் தேடி அலைந்த மரபு நம்முடையது. இச்சுவடிகளுக்குப் படியெடுப்பும் இல்லை. அறுபதுகளில் சிறுமியராகக் குத்திக்கொண்டோர் இன்று எழுபதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.

இத்தேடலில் மராட்டிய மண்ணுக்கே உரிய ஒரு தடமும் உண்டு. கூடை முடைந்து ஊர்சுற்றி வாழ்ந்த கைக்காடி மக்கள், மராட்டிய நாட்டில் தமிழோடு உறவுடைய பேச்சு வழங்குவோர். குறவரோடு இணைத்து எண்ணப்படுவோர். அக்குலத்தில் பிறந்த லட்சுமண் மானேயின் ‘உபரா’ என்னும் தன்வரலாறு 1980-இல் மராத்தியில் வெளிவந்து சாகித்திய அகாதெமி விருது பெற்றது. குறவர் பெண்களின் தடத்தைத் தமிழகத்துக்குள் மட்டும் தேடி வந்துள்ளோம். கைக்காடிப் பெண்களின் பேச்சில் ஊசிக்கும் மைக்கும் குத்துதலுக்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்து, தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களோடு ஒப்பிடும் பணியை மும்பையிலுள்ள தமிழாய்வாளர் நெருளிலிருந்தே தொடங்கலாம்.